கொற்றியின் வலது கை

கொற்றிக்கு வலது கை இருக்கலாமா கூடாதா என்ற கேள்வியில் ஈரோடு மாவட்டமே இரண்டுபட்டுக் கிடந்த காலம் ஒன்று உண்டு. சிரிக்காதீர்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் எதிர்க்கட்சி என்று தெரிந்ததும் பாயசத்துக்குக்கூடக் காத்திராமல் எழுந்து போனவர்கள் உண்டு. பெண் பார்க்கப் போன இடத்தில் இந்தப் பேச்சை எடுத்து, பஜ்ஜி ஆறுவதற்குள் சம்பந்தம் முறிந்த கதையும் உண்டு.

கொற்றி யாரென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ‘இடியேந்தி’ என்ற ஐந்து பாக மாயக்கதையின் நாயகி அவள். வானத்திலிருந்து விழும் இடியை வெறுங்கையால் பிடித்துத் திருப்பி எறிவாள். மூன்றாம் பாகத்தில் கூகைவேந்தன் என்ற வில்லனின் கோட்டையை உடைக்க ஒரு பேரிடியைப் பிடிக்கிறாள். கோட்டை பொடியாகிறது. அவளுடைய வலது கையும் முழங்கை வரைக்கும் கருகிப் போகிறது. அந்த இடத்தில் அழாதவன் மனிதனே இல்லை என்பது புத்தகக் கட்சி. திரையோடை என்ற நிறுவனம் அதைத் தொடராக எடுத்தபோது கோட்டையை உடைத்தார்கள், கையை விட்டுவிட்டார்கள். வளையல்கூட நெளியாமல், புடவைத் தூசியைத் தட்டிக்கொண்டு கொற்றி நடந்து வந்தாள். இதென்ன அக்கிரமம் என்று பாதி ஜனம் எழுந்தது. நன்றாக இருந்த பிள்ளையின் கையை எதற்கு வாங்க வேண்டும் என்று மறுபாதி எழுந்தது.

இந்தச் சண்டைக்கு மேடை போட்டு, மைக் வைத்துக் கொடுத்தவர் புலவர் சின்னமுத்து. பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். ‘கொற்றி சிறப்பது ஏட்டிலா, திரையிலா?’ என்று அவர் பட்டிமன்றம் அறிவித்தால் போதும், திருவிழாக் கமிட்டிகள் ஆர்கெஸ்ட்ராவை ரத்து செய்துவிட்டு ஓடிவந்தன. ஏட்டணித் தலைவி கோகிலவாணி, கோபிச்செட்டிபாளையம் பக்கம் மாட்டு டாக்டர். “காலையில எருமைக்கு ஊசி, சாயங்காலம் எதிரணிக்கு ஊசி” என்று புலவர் அவளை அறிமுகப்படுத்துவார். மூக்குக்கண்ணாடியை இடது கை விரலால் மேலே தள்ளிவிட்டு, “ஒரு நிமிஷம்” என்று அவள் ஆரம்பித்தால் எதிரணி தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிடும்.

திரையணித் தலைவன் சாந்தமூர்த்தி. ஈரோட்டில் பம்ப்செட் வியாபாரம். சாந்தமெல்லாம் பெயரோடு சரி. எந்நேரமும் தோளில் ஒரு கிளிப்பச்சைத் துண்டு. புளுகப் போகிறான் என்றால் முதலில் வலது காதைத் தேய்ப்பான். கூட்டத்தில் இருக்கிற குழந்தைக்குக்கூட அது தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது.

“எதையும் இழக்காம ஜெயிக்கறதுக்குப் பேரு வீரமில்லீங்க, விளம்பரம்! கை போனாத்தான் கொற்றி!” என்று அவள் முழங்குவாள்.

“ஏனுங்க டாக்டரம்மா, உங்ககிட்ட வர்ற மாட்டுக்குக் காலு ஒடஞ்சா கட்டுப் போடுவீங்களா, இல்ல தியாகம்னு சொல்லி வெட்டி உட்ருவீங்களா?” என்று அவன் திருப்புவான்.

கூட்டம் விசிலடிக்கும். அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிடும். கோபம் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

புலவர் வைத்த வழக்கம் ஒன்று இருந்தது. தீர்ப்பில் தோற்ற அணித் தலைவர், வென்ற அணித் தலைவருக்குத் தன் கையாலேயே பொன்னாடை போர்த்த வேண்டும். சண்டை மேடையோடு போய்விட வேண்டும் என்பதற்காக அவர் செய்த ஏற்பாடு. சண்டை எங்கே மேடையோடு போனது? இரண்டு அணியும் ஒரே வேனில்தான் ஊர் திரும்பும். மற்றவர்கள் எல்லாம் வாயைப் பிளந்து தூங்க, இவர்கள் இருவர் மட்டும் முன் இருக்கையிலும் பின் இருக்கையிலுமாக, நாலாம் பாகத்தில் குதிரை எதற்கு, அஞ்சாம் பாகத்தில் பாட்டு எதற்கு என்று கோகிலவாணியின் வீட்டு வாசல் வரை இழுத்துக்கொண்டே வருவார்கள். இறங்கிய பிறகும் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு பத்து நிமிஷம். டிரைவர் ஹாரன் அடிப்பார். அவள் வாரம் முழுக்க மாட்டுக்கொட்டகைகளில் சாணியை மிதித்துக்கொண்டு அலைந்ததெல்லாம் அந்த வேன் பயணத்துக்காகத்தான்.

இப்படி சௌக்கியமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஊரில்தான் திரையோடை குண்டைப் போட்டது. தொடரின் புதிய பருவத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘உங்கள் கொற்றி’. வீட்டில் ஆளுக்கொரு திரைப்பலகை, முறம் அளவுக்கு, இலவசமாக வந்து இறங்கியது. பலகையின் நெற்றியில் கடுகளவு கண்ணாடிக் கண். கோகிலவாணி அதைத் தொடுவதற்கு முன்பே வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டாள். அவள் புகார்களுக்குப் பேர் போனவள். அங்கே மெர்சி என்ற பெண்ணுக்கு அவள் குரல் மனப்பாடம்.

“மேடம், நல்லாருக்கீங்களா? இனிமே நீங்க புகாரே சொல்ல வேண்டியதில்ல. அந்தக் கண்ணு உங்களைப் பாத்துக்கும்.”

“என்னத்தைப் பாக்கும்?”

“எங்க சிரிக்கறீங்க, எங்க கொட்டாவி விடறீங்க, யாரு வந்தா நிமிர்ந்து உக்கார்றீங்க, எல்லாம். நீங்க எழுதுன கருத்து, மேடையில பேசுன பேச்சு, அத்தனையும் ஏற்கெனவே படிச்சிருச்சு. அதை வெச்சு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை உங்களுக்குன்னே ஒரு பாகம் அப்பப்ப செஞ்சு காட்டும். ஷூட்டிங்கெல்லாம் கிடையாதுங்க. மாவு அரைச்சு வெச்சாச்சு. அவங்கவங்க கல்லுல ஊத்திக்கறாங்க.”

“வாயில ஒண்ணைச் சொல்லி மனசுல ஒண்ணை நினைச்சா?”

“மனசைத்தான் மேடம் எடுத்துக்கும். வாயி சொல்றதை ஒரு ஓரமா குறிச்சு வெச்சுக்கும்.”

“ரெண்டு பேரு சேர்ந்து பாத்தா?”

“ஐயய்யோ, அது மட்டும் வேண்டாம் மேடம். அதுக்குத்தான ஆளுக்கொண்ணு குடுத்திருக்கோம்.”

முதல் வெள்ளிக்கிழமை கோகிலவாணி கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள். பார்த்து ஓவென்று அழுதாள். கை போனது! முழங்கை வரைக்கும், புத்தகத்தில் உள்ளபடியே, அந்தக் கருகல் வாசனை வரைக்கும் தெரிகிற மாதிரி. குதிரை இருந்தது. பாட்டு இல்லை. எழுத்துக்கு எழுத்து அவள் கேட்ட கொற்றி. ஒரே ஒரு விஷயம் மட்டும் புத்தகத்தில் இல்லாதபடி மாறியிருந்தது. சாதாரணமாக அதற்கு அவள் திரையோடையின் கூரையைப் பிய்த்திருப்பாள். பிய்க்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அந்த இடத்துக்காகவே அவள் தலைமுடியைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரே கொண்டாட்டம். அண்ணி சுமதியின் கொற்றிக்குக் கல்யாணமாகி ஒரு மாமியார் வந்திருந்தாள். அந்த மாமியார் வாயைத் திறக்கும்போதெல்லாம் கொற்றி தோட்டத்தில் ஒரு சின்ன இடியைப் போட்டாள், பேச்சு அத்தோடு அடங்கியது. அண்ணனுடைய பதிப்பில் கூகைவேந்தன் திருந்தி, கோட்டையைச் சுற்றி மஞ்சள் நட்டு, நல்ல விலைக்கு விற்றுக்கொண்டிருந்தான். ஊர் முழுக்க இதே கதை. யாருக்கும் குறையில்லை. அதுவரைக்கும் வெள்ளிக்கிழமை ராத்திரி தொடரைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலை டீக்கடையில் அடித்துக்கொள்ளாத வாரமே கிடையாது. இப்போது சனிக்கிழமை காலையில் ஒருவர், “நல்லாருந்துச்சுங்க” என்பார். இன்னொருவர், “எனக்கும் நல்லாருந்துச்சுங்க” என்பார். அப்புறம் இரண்டு பேரும் டீயை ஊதிக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மாஸ்டர் பாவம், ரெண்டாவது டீ போட்டு ரொம்ப நாளாகிறது என்று அழாத குறை.

பத்து வருஷமாகப் பேசாமலிருந்த இரண்டு பங்காளிகள் கொற்றியைத் திட்டுவதற்காகவே திரும்பப் பேச ஆரம்பித்திருந்தார்கள். அவர்கள் மறுபடியும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கோபம் எதுவுமில்லை. பேச ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

பட்டிமன்றம் படுத்துவிட்டது. ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் திரும்ப வந்துவிட்டார்கள். கடைசியாக ஒரு கல்லூரி விழாவுக்குப் போய்விட்டு வேனில் திரும்பும்போது கோகிலவாணி முன் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்து, வழக்கம்போலக் கொக்கி போட்டாள்.

“நேத்து பாத்தீங்களா?”

“பாத்தனுங்க. நல்லாருந்துச்சு.”

“உங்க கொற்றிக்குக் கை இருந்துச்சா?”

“எனக்கு இருந்துச்சுங்க. உங்களுக்கு?”

“எனக்கு இல்ல.”

“அப்ப ரெண்டு பேருத்துக்கும் சந்தோசம்,” என்றான் சாந்தமூர்த்தி.

அவ்வளவுதான். வேன் சத்தம் மட்டும் கேட்டது. ஏதாவது மறுத்துச் சொல்லுடா என்று மனசுக்குள் கத்தினாள். அவன் வெகுநேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு பச்சைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நைரோபியில நம்ம பம்ப்செட்டுக்கு ஏஜென்சி கேக்கறாங்க. நேர்ல வந்து கடை போட்டாத்தான் ஆகுமாம். அடுத்த மாசம் போயிரலாம்னு இருக்கறனுங்க. இங்க என்ன இருக்குது சொல்லுங்க?” என்றான்.

“ஓ. நல்லதுதானுங்க,” என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, நல்லதுதானுங்களாம், நல்லது, என்று தன்னையே குத்திக்கொண்டாள். மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவளுக்குப் ‘போகாதே’ என்ற ஒரு வார்த்தை வரவில்லை. அவனிடம் அவளுக்குப் பேசத் தெரிந்ததெல்லாம் சண்டை ஒன்றுதான். அதையும் திரையோடை பிடுங்கிக்கொண்டுவிட்டது.

அந்த மாதம் ஒரே ஒரு கூப்பாடு வந்தது. கோபிக்குப் பக்கத்து ஊர் மாரியம்மன் திருவிழாக் கமிட்டி பழைய பழக்கத்துக்காகக் கூப்பிட்டிருந்தது. புலவர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். “அம்மிணி, சாமி, ரெண்டு பேரும் கேளுங்க. இதுவும் ஊத்திக்கிச்சுன்னா குழுவைக் கலைச்சர்றேன். ஜனத்துக்கிட்ட இல்லாத சண்டையை நாம எங்கிருந்து கொண்டு வர்றது? தம்பிக்கும் பயணம் இருக்குது.”

அன்றைக்கு மாலை கூட்டத்துக்கு ஒன்றும் குறைச்சலில்லை. மேடைக்குப் பக்கவாட்டில் கோயில் மேளக்காரர்கள், அடுத்து சாமி புறப்பாட்டுக்கு வாசிக்க வேண்டியவர்கள், தவிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கமிட்டி வழக்கம்போல ஒரே ஒரு பொன்னாடை வாங்கி மேஜைமேல் வைத்திருந்தது. கோகிலவாணி கண்ணாடியை மேலே தள்ளினாள். எப்படியாவது இவனை இன்றைக்கு உசுப்பிவிட வேண்டும், உசுப்பினால் போகமாட்டான் என்று ஒரு கணக்கு. கணக்கில் நியாயமில்லை என்று அவளுக்கும் தெரியும்.

“ஒரு நிமிஷம்! கருகிப்போன அந்தக் கையோட கொற்றி ஆத்துல இறங்கறாளே, அந்தக் காட்சியைப் பாத்தீங்களா இல்லீங்களா?”

“ஏதுங்க ஆறு?” என்று முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார். “எனக்கு அவ கடலுக்கல்லவா போனா.”

“எங்கூட்ல அவ இன்னும் பள்ளிக்கூடமே முடிக்கலைங்க!” என்றாள் ஒரு அம்மா.

“எனக்குக் கொற்றி செத்தே போயிட்டாளுங்க, ரெண்டாவது வாரமே,” என்றான் கல்லூரி மாணவன் ஒருவன், மகா சந்தோஷமாக. “இப்ப கூகைவேந்தன் கட்சி ஆட்சி!”

சாந்தமூர்த்தி எழுந்து, வலது கையைத் தூக்கிக் காட்டி, இந்தக் கையால்தான் கொற்றி தேர்வடம் பிடித்தாள் என்று ஆரம்பித்தான். “எந்தத் தேரு?” என்று கூட்டம் மொத்தமும் கேட்டது. அவன் உட்கார்ந்துவிட்டான். ஆமோதிக்கவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை. நாற்காலிகள் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் காலியாகத் தொடங்கின. கோகிலவாணி காலி நாற்காலிகளை எண்ண ஆரம்பித்தாள். போச்சு, எல்லாம் போச்சு.

புலவர் மெதுவாக மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். “நானும் ஒண்ணு சொல்லிப்போடறேன். என் பலகையில சண்டையே இல்லீங்க. கொற்றியோட அம்மா தினமும் எல்லாத்துக்கும் நேரத்துக்குச் சோறு போடறாங்க. போட்டுட்டு, இப்படி நேரா என்னைப் பாத்து, ‘சாப்பிட்டீங்களா?’ங்கறாங்க. எங்கூட்டுக்காரம்மா போனதுக்கப்பறம் என்னை யாருங்க அப்படிக் கேட்டாங்க? நான் கேட்டு வாங்கல. அதுவாக் கண்டுபுடிச்சுக் குடுக்குது.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “அதனால இன்னிக்கு வாதம் வேண்டாம். தலைவருங்க ரெண்டு பேரும் அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச கதையை மட்டும் சொல்லட்டும். கேட்டுட்டுக் கலைஞ்சுக்கலாம். தம்பி, நீங்க ஆரம்பிங்க.”

போய்க்கொண்டிருந்தவர்கள் கதை என்றதும் நின்றார்கள். சாந்தமூர்த்தி எழுந்தான்.

“என்னோடதுல எல்லாம் நான் கேட்ட மாதிரியேதானுங்க. கை இருக்குது, பாட்டு இருக்குது. ஆனா நாலாவது வாரம் புதுசா ஒருத்தங்க வந்தாங்க. கொற்றியோட குதிரைக்கு வைத்தியம் பாக்கற அம்மா. அவங்க வந்ததுலருந்து கொற்றிக்கு நிம்மதியே இல்லீங்க. இடியைப் புடிச்சா, ‘இப்படியா புடிக்கறது?’ங்கறாங்க. எறிஞ்சா, ‘புத்தகத்துல அப்படியில்லையே’ங்கறாங்க. எந்தப் புத்தகம்னு கொற்றிக்கே புரியறதில்ல.”

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாந்தமூர்த்தி கவனிக்கவில்லை. சொல்லச் சொல்ல அவனுக்கே சுவாரஸ்யம் கூடிவிட்டது.

“பேசறதுக்கு முன்னால இடது கை வெரலை இப்படி மூக்கு மேல வெச்சுத் தள்ளுவாங்க. அந்தக் காலத்துக் கதையில மூக்குக்கண்ணாடி ஏது? இருந்தாலும் தள்ளுவாங்க. ‘ஒரு நிமிஷம்’பாங்க. கொற்றி அப்படியே ஆடிப் போயிருவா. யாரு என்னன்னே தெரியலீங்க, ஆனா அந்தம்மா வராத வாரம் எனக்குத் தொடரே புடிக்கறதில்ல. போன வாரம் அவங்க வரவேயில்ல. நான் பலகையைப் போட்டுட்டுப் போயிப் படுத்துட்டேன்.”

பின்வரிசையில் ஒரு பெண், “அட மண்டு!” என்று கூவினாள். அவ்வளவுதான், சிரிப்பு பந்தலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. சாந்தமூர்த்தி திருதிருவென்று முழித்தான். கூட்டம் கையை நீட்டிய பக்கம் திரும்பினான். கோகிலவாணி இடது கை விரலை மூக்குக்கண்ணாடியில் வைத்தபடி, தள்ள மறந்து நின்றுகொண்டிருந்தாள். அவன் முகத்தில் விஷயம் உறைத்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! பச்சைத் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான்.

“அம்மிணி,” என்றார் புலவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “உங்க முறை.”

தப்பிக்க வழி இருந்தது. என்னுடையது புத்தகத்தில் உள்ளபடியே என்று ஒரு வரியில் முடித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் கோபித்துக்கொள்கிறவள் என்று மாவட்டம் முழுக்க எடுத்த பெயர் பத்திரமாக இருக்கும். அவன் அசடு வழிந்துகொண்டு நைரோபி போய்ச் சேர்வான். கோகிலவாணி மைக்கைப் பிடித்தாள்.

“எனக்கு எல்லாம் புத்தகத்துல உள்ளபடிதானுங்க. ஒண்ணைத் தவிர. கூகைவேந்தன். புத்தகத்துல அவன் அஞ்சு பாகத்துக்கும் சேர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான். பேசாததுதான் அவனோட பயங்கரம். எனக்கு வர்ற கூகைவேந்தன் வாயை மூடறதே இல்ல. கொற்றி ஒண்ணு சொன்னா அவன் ஒம்பது சொல்றான். அவ கை கருகிக் கெடக்குறப்பக்கூட, ‘கட்டுப் போடாம என்ன பண்றீங்க’ன்னு சண்டைக்கு வர்றான். புளுகறதுக்கு முன்னால…” அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. “புளுகறதுக்கு முன்னால வலது காதைத் தேய்க்கறான். தோள்ல கிளிப்பச்சையில ஒரு மேலாடை.”

இந்தத் தடவை கூட்டம் சிரிக்கவில்லை. அவளுக்காகக் காத்திருந்தது.

“நியாயமா நான் புகார் குடுத்திருக்கணும். குடுக்கலீங்க. ஒரு வாரம்கூடக் குடுக்கல. புத்தகத்தை மாத்தினது தப்புன்னு இத்தனை மேடையில கத்துன நானு, அந்த இடத்துக்கு மட்டும் வெள்ளிக்கிழமை எப்ப வரும்னு உக்காந்திருந்தேன். திரைக்காரங்க புத்தகத்தை விட நல்லாச் செஞ்சது ஒண்ணு உண்டு. தோத்துட்டேன். அவ்வளவுதான்.”

“இல்லீங்க இல்லீங்க, நான்தான் தோத்தது!” என்று சாந்தமூர்த்தி குதித்து எழுந்தான். “என் கொற்றிக்கே புத்தகம் தெரிஞ்ச ஆளு வந்தாத்தான் கதை நடக்குது. புத்தகம்தானுங்க ஜெயிச்சது!”

“நான் தோத்துட்டேன்னு சொன்னப்பறம் நீங்க எப்படித் தோக்க முடியும்?”

“ஏன், நீங்க மட்டும்தான் தோக்கணுமா?”

“ஒரு நிமிஷம்…”

“ஆரம்பிச்சுட்டாங்கய்யா!” என்று டீக்கடை மாஸ்டர் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார். அவர் கண்ணில் தண்ணீர்.

புலவர் மேஜையைத் தட்டினார். “தீர்ப்பு! ரெண்டு அணியும் தோத்துப் போச்சு. நம்ம வழக்கப்படி தோத்தவங்க துண்டு போத்தணும். ரெண்டு பேரும் போத்துங்க!”

மேஜைமேல் இருந்ததோ ஒரே பொன்னாடை. இரண்டு பேர் ஒன்றாகத் தோற்பார்கள் என்று எந்தக் கமிட்டி எதிர்பார்த்தது? கோகிலவாணி அதை எடுத்துக்கொண்டாள். சாந்தமூர்த்தி அங்குமிங்கும் பார்த்துவிட்டுத் தன் தோளிலிருந்த பச்சைத் துண்டையே உருவினான். அவள் அவன் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். அவன் அவள் கழுத்தைச் சுற்றிப் போட்டான். என்ன செய்கிறோம் என்று இரண்டு பேருக்கும் புரிவதற்கு முன்பே பக்கவாட்டில் இருந்த தவில்காரருக்குப் புரிந்துவிட்டது. கைப்பழக்கம்! கெட்டிமேளம் முழங்கியது. நாதஸ்வரக்காரர் சும்மா இருப்பாரா? கூட்டம் கையில் அகப்பட்ட பொரியையும் பூவையும் அள்ளி மேடையை நோக்கி வீசியது. முதல் வரிசையில் சுமதி அண்ணி, “எங்க மாமனாருகிட்ட நான் பேசிக்கறேன், நீங்க வாசிங்க!” என்று மேளத்துக்கு மேலே கத்தினாள்.

நைரோபிக்குப் பம்ப்செட்டுகள் மட்டும் கப்பலில் போயின.

முறையான கல்யாணம் தை மாதத்தில் நடந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, சாந்தமூர்த்தி குடிவந்திருந்த கோகிலவாணி வீட்டுக் கூடத்தில், இரண்டு பேரும் ஒரே பலகையின் முன்னால் ஒட்டி உட்கார்ந்தார்கள், வேண்டாம் வேண்டாம் என்று மெர்சி தலைபாடாக அடித்துக்கொண்டும் கேளாமல். அப்படி ஒரு மட்டமான பாகத்தை உலகத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்! கொற்றியின் கை கருகியது, அடுத்த காட்சியில் முளைத்தது, பாட்டு முடிந்ததும் திரும்பக் கருகியது. கூகைவேந்தனும் குதிரை வைத்தியச்சியும் ஒரே வசனத்தை ஒன்றாகப் பேசினார்கள். குதிரைக்கு வலது கை இருந்தது. “கொன்னுட்டானுங்க! கதையையே கொன்னுட்டானுங்க!” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் அலறினார்கள். உடனே, இதற்குக் காரணம் உன் ரசனையா என் ரசனையா என்று பிடித்துக்கொண்டார்கள். சத்தம் கேட்டு அண்ணனும் அண்ணியும் வந்து எட்டிப் பார்த்தார்கள். நாலு பேர் ஆனதும் கோட்டைக்குள் மஞ்சள் வயலும் மாமியாரும் வந்தார்கள். இன்னும் மோசம், இன்னும் ஆனந்தம். இரண்டே மாதத்தில் தெருவே ஒரு பலகைக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தது. எந்தத் தெருவில் படு மோசமான கொற்றி என்று போட்டி வந்தது. டீக்கடையில் இரண்டாவது டீ ஓடியது. புலவர் தன் பலகையைத் தூக்கிக்கொண்டு இவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். இப்போது கொற்றியின் அம்மா அவரை ‘சாப்பிட்டீங்களா?’ என்று கேட்பதில்லை. அண்ணி கேட்கிறாள்.

பழக்க தோஷம் யாரை விட்டது? கோகிலவாணி மெர்சிக்குப் போன் போட்டுக் கிழித்தாள். “என்னம்மா எடுக்கறீங்க நீங்க? ரெண்டு பேரு சேர்ந்து பாத்தா உங்க மெசினு இப்படியா குழம்பும்?”

மறுமுனையில் மெர்சி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. மொத வாரம் மட்டுந்தான் குழம்புச்சு. அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும் நிமிர்ந்தே உக்காந்திருந்தீங்களாம். உங்க தெருவும் அப்படித்தான். அதுலருந்து, உங்களுக்குன்னே அது மோசமா எடுக்குது. ரொம்ப மெனக்கெட்டு எடுக்குது மேடம்.”

போனை வைத்துவிட்டு அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சாந்தமூர்த்தி தட்டில் முறுக்கோடு வந்தான். மறைக்காமல் சொன்னாள். அவன் கடிக்கப் போன முறுக்கைத் தட்டிலேயே வைத்தான்.

“அப்ப நாம போடற சண்டையும் அந்தத் திரையோடைக்காரன் எடுத்துக் குடுக்கறதுதானா?” என்றான்.

இரண்டு பேரும் பலகையைப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம். இன்னும் கொஞ்ச நேரத்தில் தொடங்கிவிடும், தெருவில் பாய் விரிக்கிற சத்தம்கூடக் கேட்க ஆரம்பித்துவிட்டது. கோகிலவாணி எழுந்து போய்ப் பலகையை அணைத்தாள். அந்தக் கடுகளவு கண்ணின் மேல் பச்சைத் துண்டைப் போட்டு மூடினாள். அவளுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. இனி என்ன பேசப்போகிறோம்? வேனில் அன்றைக்கு உட்கார்ந்திருந்த மாதிரி ஆயுசு முழுக்க உட்கார்ந்திருக்கப் போகிறோமா?

சாந்தமூர்த்தி முறுக்கைக் கடித்தான். நிதானமாக மென்று விழுங்கினான். அப்புறம் எங்கேயோ பார்த்துக்கொண்டு, “நானும் கல்யாணத்துக்கப்பறம் அந்தப் புத்தகத்தைப் படிச்சுப் பாத்துட்டேனுங்க. அந்த மூணாம் பாகம் சுமார்தான்,” என்றான். காதைத் தேய்க்கவில்லை.

கோகிலவாணியின் இடது கை விரல் தானாக மூக்குக்கண்ணாடிக்குப் போனது. உச்சந்தலை வரை சந்தோஷம் ஜிவ்வென்று ஏறியது.

“ஒரு நிமிஷம்,” என்றாள்.

தெரு ஜனம் பாயும் கையுமாக வாசலில் வந்து நின்றபோது உள்ளே சண்டை நாலாம் பாகத்துக் குதிரை வரைக்கும் போயிருந்தது. பலகை அணைந்திருப்பதைப் பார்த்துப் புலவர் உஷ் என்று எல்லாரையும் அடக்கினார். எல்லாரும் அப்படியே வாசலிலேயே பாயை விரித்து உட்கார்ந்துகொண்டார்கள்.